ஒரே கதவு, இரண்டு குரல்கள்: லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்றின் ஒலிக்கலவை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எனக்கு மிகவும் நெருக்கமான அண்ணன் ஒருவருக்குக் கண்பார்வை கிடையாது. பல வருடங்களாக லினக்ஸ் டெஸ்க்டாப்தான் அவருடைய வேலை மேசை. ஒருநாள் அவருடைய பழைய மதர்போர்டு உயிரை விட்டது. நான் போய்ப் புதியது ஒன்றை மாட்டி, அதே ஹார்டு டிஸ்க்கை இணைத்து, பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவே போன் வந்தது. "தம்பி, மெஷின் ஓடுது, ஃபேன் சத்தம் கேக்குது, ஆனா பேச மாட்டேங்குது."

நமக்கு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்றால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். அவருக்கு அது மானிட்டர் அணைந்து போவது மாதிரி. அதனால் இதை அரைகுறையாகச் சரிசெய்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, காரணம் எதுவென்று அடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். கண்டுபிடித்ததை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஹார்டுவேர் மிக்ஸிங், சாஃப்ட்வேர் மிக்ஸிங் என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் ஒலித்தரத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம், இந்த நிகழ்வில் பிரச்சினை அங்கே இல்லவே இல்லை.

முதலில் அவர் மெஷினில் ஒலி எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் நிரல் இருக்கிறது, அது ஸ்பீச் டிஸ்பாட்சர் என்ற இடைநிலை நிரல் வழியாக, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜியைப் பேசவைக்கும். கூடவே பிரவுசர், பாட்டு பிளேயர், வாய்ஸ் கால் எல்லாம் உண்டு. இது முதல் குரல். இரண்டாவது குரல் கறுப்புத் திரையில், அதாவது எழுத்து மட்டும் வரும் கன்சோலில். அங்கே கெர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே, ஸ்பீக்கப் என்ற பகுதி திரையில் வரும் எழுத்தைப் பிடித்துக் கொடுக்கும், ஈஸ்பீக்கப் என்ற சிறிய டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், அதை வாங்கி ஈஸ்பீக்கிடம் தள்ளும். இந்த டீமன் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் உரிமையில், யாரும் லாகின் செய்வதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிடும். அண்ணன் சர்வர் வேலை அதிகம் செய்பவர், நாளில் பாதி நேரம் கன்சோலில்தான் இருப்பார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கன்சோல், திரும்ப ஒரு அழுத்து அழுத்தினால் டெஸ்க்டாப். இரண்டு பக்கமும் பேச வேண்டும், அழுத்திய மறுகணம் பேச வேண்டும்.

பழைய மெஷினில் இது பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. புதியதில் மூன்று விதமான கோளாறு, மூன்றும் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வந்தன. சில நாள் பூட் ஆனதும் கன்சோல் பேசும், டெஸ்க்டாப் ஊமை. அப்போது ஒலி அமைப்பைத் திறந்தால் உண்மையான கார்டு இருக்காது, 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருக்கும். சில நாள் தலைகீழாக டெஸ்க்டாப் பேசும், கன்சோல் வாயே திறக்காது. இரண்டுமே பேசுகிற நாளிலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு கீயை அழுத்தினால் முதல் அசை காணாமல் போகும். 'கோப்பு' என்பது 'ப்பு' என்று வரும்.

ஒழுங்கில்லாமல் வருகிற கோளாறுதான் இருப்பதிலேயே கஷ்டமானது. ஒரு மாலை முழுவதும் நான் தப்பான இடத்தில் தேடினேன். டெஸ்க்டாப் நிரல்களின் ஒலியை வாங்கிக் கலந்து கார்டுக்கு அனுப்பும் பைப்வயர் என்ற ஒலி சர்வரின் பதிப்பை மாற்றினேன், கெர்னலை மாற்றினேன், ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்தபோது தற்செயலாகச் சரியாகிவிடும், கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பேன், அடுத்த ரீபூட்டில் திரும்பவும் ஊமை.

விடை எளிமையான ஒரு வரியில் இருந்தது. ஏபிளே கட்டளையில் கார்டுகளைப் பட்டியலிடச் சொன்னால் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே எத்தனை சப்டிவைஸ், அதாவது ஒலியை உள்ளே அனுப்பும் தனித்தனி வழி, இருக்கிறது, அதில் எத்தனை காலியாக இருக்கிறது என்று காட்டும். புதிய மதர்போர்டின் உள்ளமைந்த ஒலிச் சில்லுக்கு அது 1-க்கு 1. ஈஸ்பீக்கப் பேச ஆரம்பித்ததும் 1-க்கு 0. பழைய மெஷினிலிருந்து கழற்றி வைத்த, பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் மாட்டும் ஒலி கார்டை இன்னொரு பழைய பெட்டியில் மாட்டி அதே கட்டளையைக் கொடுத்தேன். 32-க்கு 32.

பழைய கார்டு சவுண்ட் பிளாஸ்டர் லைவ். 1998-இல் வந்தது, உள்ளே இருப்பது இஎம்யு10கே1 என்ற சில்லு. அந்தச் சில்லு ஒரே நேரத்தில் 64 குரல்களை இயக்கும். அடிப்படையில் அது இசைக்கருவி ஒலிகளை உருவாக்குவதற்கான சில்லு, ஒவ்வொரு சுரமும் ஒரு குரல், அதே குரல்களைச் சாதாரண ஆடியோ ஓட்டங்களுக்கும் கொடுக்கலாம். ஒரு ஸ்டீரியோ ஓட்டத்துக்குக் குறைந்தது இரண்டு குரல் வேண்டும். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் டிரைவர் இதை 32 சப்டிவைஸ்களாக வெளியே காட்டுகிறது. அதாவது 32 நிரல்கள் வரைக்கும் ஆளுக்கொரு கதவு. ஈஸ்பீக்கப் ஒரு கதவைத் திறந்து உள்ளே போகும், பைப்வயர் இன்னொரு கதவைத் திறந்து உள்ளே போகும், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சில்லுக்குள்ளே இரண்டும் கூட்டப்பட்டு ஸ்பீக்கருக்கு ஒன்றாக வரும்.

அந்தக் காலத்தில் இது மட்டும் தனியாக இல்லை. யமஹாவின் ஒய்எம்எஃப்724 வரிசை, டிரைடென்ட் 4டி வேவ் போன்றவையும் பல ஓட்டங்களைத் தாங்களே கலந்து கொடுத்தன. என்சோனிக் இஎஸ்1370-இல் வெளியீட்டுக்கு இரண்டு வழி இருந்தது, அதை வைத்தே பலர் காலம் தள்ளினார்கள். அப்புறம் இன்டெல் 1997-இல் ஏசி97 தரத்தையும் 2004-இல் எச்டி ஆடியோ தரத்தையும் கொண்டுவந்தது. இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் எச்டி ஆடியோதான். அதில் கணினி அனுப்பும் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் வேலை மட்டும் நடக்கும், ஓட்டங்களைக் கலக்கும் வேலை முழுக்க சிபியுவின் தலையில். விண்டோஸும் 2007-இல் விஸ்டாவோடு டைரக்ட்சவுண்ட் என்ற தன் ஒலி முறையின் ஹார்டுவேர் வழியைக் கைவிட்டதால், கலக்கும் சில்லைப் போட்டு விற்பதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

கலப்பது என்றால் என்ன?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹார்டுவேர் மிக்ஸிங்கைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு பிரமை இருக்கிறது, எனக்கும் இருந்தது.

கலப்பது என்றால் கூட்டல். ஒலி என்பது கணினிக்கு வினாடிக்குப் பல ஆயிரம் எண்கள், ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். ஒரு கணத்தில் பாட்டின் சாம்பிள் 30,000 என்று வருகிறது, அதே கணத்தில் ஸ்கிரீன் ரீடரின் சாம்பிள் 20,000. இரண்டையும் கூட்டினால் 50,000. ஆனால் 16 பிட் எண்ணில் மேல் எல்லை 32,767. கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் எண் சுற்றிக்கொண்டு கீழே போய் மைனஸ் 15,536 ஆகிவிடும், ஸ்பீக்கர் கோன் முன்னால் போக வேண்டிய நேரத்தில் பின்னால் இழுக்கப்படும், 'டப்' என்று காதில் அறையும். அதனால் எந்த மிக்ஸரும் ஒன்று எல்லையிலேயே நிறுத்தி வெட்டும், அல்லது கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் கொஞ்சம் குறைக்கும், அல்லது அகலமான எண்ணில் கூட்டிவிட்டுக் கடைசியில் சுருக்கும். இந்த மூன்று வழியைத் தாண்டி ஹார்டுவேரிலும் வேறு மாயம் கிடையாது.

செலவு எவ்வளவு? 48,000 ஹெர்ட்ஸில், ஸ்டீரியோவில், பத்து ஓட்டங்களைக் கலக்க வினாடிக்கு 9,60,000 கூட்டல். வினாடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இன்றைய சிபியுவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு விஷயம், இது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது: அந்த இஎம்யு10கே1 கார்டிலும் கடைசிக் கூட்டலைச் செய்வது ஒரு நிரல்தான். சில்லுக்குள்ளே ஒலிக்கணக்குப் போடும் டிஎஸ்பி என்ற சிறிய செயலி ஒன்று இருக்கிறது, லினக்ஸ் டிரைவர் ஏறும்போது அதற்கான மைக்ரோகோடை உள்ளே ஏற்றுகிறது, குரல்களை எந்த வெளியீட்டில் எவ்வளவு சேர்ப்பது என்று அந்தக் கோடு சொல்கிறது. ஆகவே இரண்டிலும் ஒரு நிரல் எண்களைக் கூட்டுகிறது, எந்த சில்லில் கூட்டுகிறது என்பதுதான் வித்தியாசம்.

'ஹார்டுவேரில் போனால் ஒலி தொடப்படாமல் போகும்' என்பதும் சரியில்லை. அந்தக் கார்டு உள்ளே எப்போதும் 48,000 ஹெர்ட்ஸில்தான் ஓடும். சிடியிலிருந்து வரும் 44,100 ஹெர்ட்ஸ் ஓட்டத்தைக் கொடுத்தால் தானே மாற்றிக்கொள்ளும். ஈஸ்பீக் பேசுவது 22,050 ஹெர்ட்ஸில், அதையும் மாற்றும். பைப்வயரும் இதையேதான் செய்கிறது, ஆனால் எல்லாவற்றையும் 32 பிட் ஃப்ளோட் எண்ணாக வைத்துக்கொண்டு, சாம்பிள் வேகத்தை மாற்றும் நல்ல ரீசாம்பிளரோடு செய்கிறது. தரத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் நான் தயக்கமே இல்லாமல் இன்றைய சாஃப்ட்வேர் பக்கம்தான் நிற்பேன்.

அப்படியானால் அண்ணன் எதை இழந்தார்? கதவுகளை. பழைய கார்டில் யாரும் யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. புதிய சில்லில் ஒரே கதவு, அதனால் அந்தக் கதவில் யார் நிற்பது என்று எல்லா நிரல்களும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். லினக்ஸ் ஒலியின் இருபது வருடச் சண்டை முழுவதும் இந்த ஒப்பந்தத்தைப் பற்றியதுதான் என்பது என் கருத்து.

ஆல்சாவுக்கு முந்தைய ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பின் காலத்தில் ஒரு நிரல் கார்டுக்கான ஒலிக்கோப்பைத் (லினக்ஸில் சாதனமும் ஒரு கோப்பாகவே தெரியும்) திறந்தால் மற்றதெல்லாம் வெளியே காத்திருக்கும். அதைத் தாண்ட கேடிஇ டெஸ்க்டாப் பக்கம் ஆர்ட்ஸ், க்னோம் டெஸ்க்டாப் பக்கம் ஈசவுண்ட் என்று ஆளுக்கொரு சர்வர் வந்தது, இரண்டும் ஒரே மெஷினில் ஓடினால் அந்த இரண்டுக்கும் நடுவே அதே சண்டை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு ஆல்சா நிலைத்தது. ஆல்சா நூலகத்துக்குள்ளேயே டிமிக்ஸ் என்ற சாஃப்ட்வேர் மிக்ஸர் இருந்தது, ஹார்டுவேரில் கலக்க முடியாத கார்டுகளுக்கு 1.0.9 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக வந்துவிட்டது. பிறகு வந்த பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வரை, ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்தின் 8-ஆம் பதிப்பு 2007-இல் இயல்பாக எடுத்துக்கொண்டது, உபுண்டு 8.04 அடுத்த வருடம். பைப்வயரை ஃபெடோரா 34 பதிப்பு 2021-இல் எடுத்துக்கொண்டது. இப்போது டெஸ்க்டாப்பில் ஒலி எழுப்பும் எந்த நிரலானாலும் பைப்வயரிடம் கொடுக்கும், பைப்வயர் ஒருவர்தான் கதவில் நிற்பார். நன்றாகவே வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு: எல்லாரும் ஒரே பயனரின் செஷனுக்குள், அதாவது ஒரே லாகினுக்குள், இருக்க வேண்டும்.

ஈஸ்பீக்கப் அந்தச் செஷனுக்குள் இல்லை. அது ரூட்.

நடந்தது என்ன?

இப்போது மூன்று கோளாறையும் வரிசையாகப் பிரித்துக்கொள்ளலாம். கன்சோல் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபியூசர் கட்டளையை ஒலிக் கோப்புகளின் மேல் ஓட்டிப் பார்த்தேன், பிளேபேக் கோப்பைப் பிடித்திருந்தது ரூட்டின் ஈஸ்பீக்கப். ஆல்சாவின் இயல்பு வழியில், அதாவது டிமிக்ஸ் வழியில், அது கார்டைத் திறந்திருந்தது. பைப்வயரோ டிமிக்ஸைத் தொடாமல் நேராகக் கார்டைத் திறக்கப் பார்க்கும். கதவு ஒன்று, உள்ளே ஆள் இருக்கிறது, 'டிவைஸ் பிஸி' என்று பதில் வரும், டெஸ்க்டாப்பில் டம்மி அவுட்புட். பைப்வயர் முந்திக்கொண்டால் கன்சோல் ஊமை.

செஷன்களுக்கு நடுவே இதைப் பேசித் தீர்க்க வழி இருக்கிறதா என்றால், நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டிபஸ் வழியாகக் கார்டை முன்பதிவு செய்யும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அது அந்தந்தப் பயனரின் பஸ்ஸுக்குள்ளேயே முடிந்துவிடும். ரூட்டின் டீமனுக்கு அந்தப் பேச்சு கேட்காது. லாகின் திரையிலும் இதே கதைதான், அங்கே ஓர்கா வேறொரு பயனரின் கீழே ஓடுகிறது, அதற்கென்று தனி ஒலி சர்வர்.

சரி, ஏன் சில நாள் இரண்டுமே பேசியது? இதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஃபியூசரைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஓர்கா பேசி முடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வினாடி. பைப்வயர் கோப்பை விட்டுவிடும். பைப்வயருக்கு விதிகள் வைத்து நடத்தும் வயர்பிளம்பரின் இயல்பு அமைப்பில் ஐந்து வினாடி யாரும் ஒலி அனுப்பாவிட்டால் அந்தக் கார்டைத் தூங்கவைத்து மூடிவிடும். அந்த இடைவெளியில் கன்சோலுக்குப் போய் ஒரு கீயை அழுத்தினால் ஈஸ்பீக்கப் உள்ளே புகுந்துவிடும். டெஸ்க்டாப்புக்குத் திரும்பி வரும் நேரத்தில் ஈஸ்பீக்கப் விட்டிருந்தால் டெஸ்க்டாப் பேசும், விடாமல் பிடித்திருந்தால் பேசாது. அண்ணன் எந்த வேகத்தில் இரண்டுக்கும் மாறினார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறியது. ஒழுங்கில்லை என்று நான் நினைத்ததற்கு ஐந்து வினாடிக் கணக்கு ஒன்று இருந்திருக்கிறது.

முதல் அசை காணாமல் போனதும் இதே தூக்கத்தால்தான். மூடிய கார்டைத் திறக்க வேண்டும், அதற்கு மேல் எச்டி ஆடியோ சில்லு தன் பங்குக்கு மின்சாரத்தைக் குறைத்துத் தூங்கியிருக்கும், அது விழிப்பதற்குள் 'கோ' போய்விடும். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு கீக்கும் ஒரு அசை கேட்டு வாழ்பவருக்கு இது தாங்க முடியாத தொல்லை.

மூன்று முயற்சிகள்

முதலில் தூக்கத்தை நிறுத்தினேன். வயர்பிளம்பர் விதியில் தூங்கும் நேரத்தைப் பூஜ்யமாக்கினால் பைப்வயர் கார்டை விடவே விடாது, ஒலி டிரைவரின் பவர் சேவ் மதிப்பையும் பூஜ்யமாக்கினால் சில்லும் தூங்காது. டெஸ்க்டாப்பில் 'கோப்பு' முழுசாகக் கேட்டது. ஆனால் கன்சோல் நிரந்தரமாக ஊமையானது, பைப்வயர் கதவை விட்டு நகர்ந்தால்தானே.

இரண்டாவது, இரண்டு பேரும் டிமிக்ஸ் வழியாகவே போவது. டிமிக்ஸ் எனக்குப் பிடித்த வடிவமைப்பு, அதனால் இதில் நிறைய நேரம் செலவழித்தேன். அதற்கென்று தனியாக டீமன் எதுவும் ஓடாது. நிரல்கள் எல்லாம் கார்டின் பஃபரை, அதாவது ஒலி வெளியே போகுமுன் காத்திருக்கும் இடத்தை, தங்கள் நினைவகத்தில் நேரடியாகப் பொருத்திக்கொள்ளும், பக்கத்திலேயே 32 பிட்டில் ஒரு கூட்டல் பஃபர் பொதுவாக இருக்கும். ஒவ்வொரு நிரலும் தன் சாம்பிளைப் பொதுக் கூட்டலில் சேர்த்துவிட்டு, வந்த விடையை 16 பிட் எல்லைக்குள் வெட்டிக் கார்டின் பஃபரில் எழுதும். ஆக, பேசும் நிரலே கலக்கும் வேலையையும் செய்துவிடுகிறது. வெவ்வேறு பயனர்கள் இதைப் பகிர வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே ஐபிசி கீயும் (பொது நினைவகத்தின் அடையாள எண்), மற்றவரும் எழுதலாம் என்ற அனுமதியும் அமைப்பில் இருக்க வேண்டும். பைப்வயருக்கு ஒரு ஆல்சா சிங்க், அதாவது வெளியீடு, உருவாக்கி, கார்டுக்குப் பதிலாக டிமிக்ஸைக் காட்டினேன்.

பேசியது, இரண்டும் பேசியது, ஒரே நேரத்தில் கூட. அண்ணன் சிரித்தார். பத்து நிமிடம் கழித்து "தம்பி, கொஞ்சம் இழுக்குது" என்றார்.

என் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நிமிடத்துக்கு 400 சொல் வேகத்தில் கேட்பவர். அந்த வேகத்தில் ஒரு சொல்லுக்கு 150 மில்லிவினாடி. நான் டிமிக்ஸுக்குக் கொடுத்திருந்த பஃபர் 4,096 சாம்பிள், 48,000 ஹெர்ட்ஸில் அது 85 மில்லிவினாடி. கீயை அழுத்தியதற்கும் சத்தத்துக்கும் நடுவே பாதிச் சொல்லுக்கு மேல் தாமதம், அதற்கு மேல் பைப்வயரின் சொந்தத் தாமதம். பஃபரைக் குறைத்தேன், தாமதம் குறைந்தது, வீடியோ ஓடும்போது கிரக் கிரக் என்று வெடிக்க ஆரம்பித்தது. இதுதான் பொதுவான ஒரே பஃபரின் விலை. பழைய கார்டில் ஒவ்வொரு கதவுக்கும் தனிப் பஃபர். ஸ்கிரீன் ரீடர் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், பாட்டு பிளேயர் பெரியதாக வைத்துக்கொண்டு நிதானமாக நிரப்பலாம், இவர் அவசரம் அவரைத் தொடாது. சாஃப்ட்வேர் மிக்ஸரில் எல்லாரும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். பைப்வயரிலும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் கலக்கும் அளவான அதன் குவாண்டம் இயல்பாக 1,024 சாம்பிள், அதாவது 21 மில்லிவினாடி, ஆனால் யாராவது ஒருவர் 256 கேட்டால் அந்தக் கார்டில் இருக்கும் எல்லாரும் 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழுந்து ஓட வேண்டும், ஒருவர் தாமதித்தாலும் வெடிப்பு. பிடபிள்யூ டாப் கட்டளையில் குவாண்டம் எண்ணையும் பிழை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், வாய்ஸ் கால் நிரலைத் திறந்ததும் முதல் எண் இறங்குவதும் இரண்டாவது ஏறுவதும் கண்ணெதிரே நடந்தது. ஹார்டுவேர் மிக்ஸிங்குக்காக யாராவது ஏங்கினால், ஏங்க வேண்டியது இதற்காகத்தான்.

இன்னொன்றும் கேட்டது அவருக்கு. கன்சோலில் 'ஸ', 'ச' எல்லாம் சொரசொரப்பாக இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆல்சாவின் இயல்பு ரீசாம்பிளர் இரண்டு சாம்பிளுக்கு நடுவே நேர்கோடு இழுத்து நிரப்பும் எளிய வகை, 22,050-ஐ 48,000 ஆக்கும்போது உச்ச ஒலிகளில் அழுக்கு சேரும். அதற்குப் பதிலாக ஸ்பீக்ஸ் என்ற ரீசாம்பிளரைப் போட்டதும் அது தீர்ந்தது.

பழைய கார்டையே திரும்ப மாட்டலாமா என்று அண்ணன் கேட்டார். புதிய போர்டில் பிசிஐ ஸ்லாட்டே இல்லை. மாற்றிக் கொடுக்கும் அடாப்டர்கள் இருக்கின்றன, ஆனால் அவருடைய ஒரே குரலை அத்தனை பழைய கார்டு ஒன்றின் மேல் தொங்கவிட எனக்குப் பயமாக இருந்தது. ஒலி சர்வரை ரூட்டின் கீழே எல்லாப் பயனருக்கும் பொதுவாக ஓட்டும் யோசனையையும் கைவிட்டேன், அந்த ஒரு சர்வர் விழுந்தால் இரண்டு குரலும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது முயற்சிதான் நின்றது. கதவு ஒன்றுதான் என்றால் இன்னொரு கதவு வைத்துவிடலாம். சிறிய யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்றைப் பின்பக்கம் செருகினேன். ஈஸ்பீக்கப் ஓடும் சூழல் மாறியில் அந்த அடாப்டரின் கார்டுப் பெயரைக் கொடுத்தேன். எண்ணைக் கொடுக்கக் கூடாது, பூட் ஆகும்போது யுஎஸ்பி முந்திக்கொண்டால் எண்கள் இடம் மாறிவிடும், பெயர் மாறாது. வயர்பிளம்பரில் அந்த அடாப்டரைத் தொடவே வேண்டாம் என்று ஒரு விதி போட்டேன். உள்ளமைந்த சில்லு முழுக்க டெஸ்க்டாப்புக்கு, தூக்கம் இல்லாமல். அந்தத் தூக்க விதியை மட்டும் மெஷின் முழுமைக்கும் போடாமல் அண்ணனுடைய கணக்கில் போட்டேன், அப்போதுதான் லாகின் திரையின் சர்வர் ஐந்து வினாடியில் கார்டை விட்டுக்கொடுக்கும்.

ஆனால் இப்போது இரண்டு வெளியீடு, அண்ணனிடம் ஹெட்ஃபோன் ஒன்று. இங்கேதான் ஹார்டுவேர் மிக்ஸிங் திரும்ப வந்தது, நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. எச்டி ஆடியோ சில்லுகளில் எண்களைக் கலக்கும் வசதி இல்லாவிட்டாலும், பலவற்றில் பழைய அனலாக் மிக்ஸர் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீல நிற லைன் இன் துளையில் வரும் மின்னலையை, கணினி பக்கமே போகாமல், நேராக வெளியீட்டோடு சேர்த்துவிடும். எல்லா போர்டிலும் கிடையாது, புதியவை சிலவற்றில் எடுத்துவிட்டார்கள், இந்தப் போர்டில் இருந்தது. ஆல்சாமிக்ஸரைத் திறந்தால் லைன் என்ற பெயரில் ஒரு ஒலியளவுக் கம்பி தெரியும், சில சில்லுகளில் 'லூப்பேக் மிக்ஸிங்' என்ற சுவிட்சையும் போட வேண்டியிருக்கும். இரண்டு முனையிலும் 3.5 மிமீ பின் உள்ள ஒரு முழ ஒயரை எடுத்து யுஎஸ்பி அடாப்டரின் வெளியீட்டிலிருந்து லைன் இன்னுக்குச் செருகினேன், லைனின் மியூட்டை எடுத்தேன், ஆல்சாகன்ட்ரோல் கட்டளையில் நிலையைச் சேமித்தேன். பூட் ஆகும்போது அந்த நிலை தானாகத் திரும்பிவிடும்.

கன்சோல் குரல் இப்போது ஈஸ்பீக்கப்பில் பிறந்து, யுஎஸ்பி அடாப்டரில் மின்னலையாகி, ஒரு முழ ஒயரில் நடந்து, மதர்போர்டின் சில்லில் ஓர்காவின் குரலோடு கலந்து ஹெட்ஃபோனுக்குப் போகிறது. இதன் குறை எது என்றால் லேசான இரைச்சல், மவுஸ் நகரும்போது மிக மெல்லிய ஒரு கீச்சொலி லைன் வழியாக வருகிறது. லைனின் அளவைக் கொஞ்சம் இறக்கி அடாப்டரின் அளவை ஏற்றியதும் பெருமளவு அடங்கியது, முழுசாகப் போகவில்லை.

அண்ணனிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்துவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து பைப்வயரை வேண்டுமென்றே கொன்றேன். டெஸ்க்டாப் குரல் நின்றது. அவர் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினார், கன்சோல் உடனே பேசியது, லாகின் செய்து பைப்வயரைத் தானே திரும்பத் தொடங்கிவிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்தார். பிறகு என்னிடம் அந்த ஒயர் எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போகிறது என்று கேட்டு, மெஷினின் பின்பக்கம் கையை விட்டு இரண்டு முனையையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டார்.